புடவைக்கடைக்காரன் போன கருத்தரங்கு

இன்றைக்குக் காலையில் கல்லடிப் பாலத்தில் இராணுவச் சோதனைக்காகப் பஸ்ஸால் இறங்கி நடந்தோம். பக்கத்தில் வந்தவர் விடாமல் கேட்டார்.

"எங்க வேல செய்றீங்க? கெம்பஸ் புள்ளைகள் எந்தெந்த ஊர்?"

"எனக்குத் தெரியா. நான் புடவைக்கடையில நிக்கிறன்," என்றேன்.

தெரியாத ஆளிடம் பல்கலைக்கழக விரிவுரையாளர் என்று சொல்ல எனக்கென்ன விசரா?

போய்ச் சேர்ந்தால் கெம்பஸில் கருத்தரங்கு. 'மாணவர்களுடன் மனம்விட்டுப் பேசுவது எப்படி?' நடத்த வந்தவர் பாலத்தில் கேட்டவரேதான். என்னைக் கண்டு சிரித்தார்.

"கடை இண்டைக்கு லீவா?"

பிறகு எல்லாரிடமும் அதையே கேட்டார். பிள்ளைகள் எந்தெந்த ஊர், உங்களோடு என்ன கதைப்பார்கள்? மண்டபத்தில் எல்லாரும் குனிந்து குறிப்பேட்டைப் புரட்டினார்கள்.

நான் எழும்பினேன். "இதெல்லாம் ஏன் சேர் கேக்கிறீங்க?"

"சும்மாதான்."

இந்த ஊரில் சும்மா கேட்ட ஆளை யாராவது கண்டிருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.