குருவிச் செடி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அது தெரியும், வீட்டிலும் தெரியும். ஆனால் அன்று காலை அப்புத்தளைக்குக் கீழே, அந்த மலைச்சரிவில் நின்றபோது கோபம்கூட வரவில்லை. கண் முன்னால் இருப்பது என்னவென்று விளங்காமல் நின்றேன்.

நானும் என்னோடு படிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியரும் லீவு நாட்களில் பறவை பார்க்கப் போவோம். எல்லாரையும் போல நானும் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கைப்பிள்ளையைப் போலத் தூக்கித் திரியும் பெரிய கமரா ஒன்று உண்டு. என்னிடம் ஒரு பழைய பைனாகுலர். பனி விலகுவதற்கு முன் ரயில் பாதையோரம் நடந்தால் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் மரத்துக்கு மரம் கூட்டமாகத் தாவிப் போவது தெரியும். காட்டு ஓரத்தில் நல்ல காலம் இருந்தால் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி வந்து உட்காரும். இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவி அது. நாங்கள் அதைப் பார்த்த நாட்களில் திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டாலும் சிரித்துக்கொண்டே வருவோம்.

பறவை விஷயத்தில் அவர் படு கண்டிப்பு. கூட்டுக்குக் கிட்டே போகக் கூடாது, கிளையை ஒதுக்கக் கூடாது, குஞ்சு இருக்கும்போது கமராவையே எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். ஒரு தடவை, வான் வண்டியில் சுற்றுலா வந்த ஒரு கூட்டம் போனில் குருவிச் சத்தத்தைப் போட்டுக் குருவியை வரவழைத்துக்கொண்டிருந்தது. இவர் நடுரோட்டில் சண்டைக்குப் போய்விட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வீட்டில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்பா கவ்வாத்துக்காரர். வளர்ந்த தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. பென்ஷன் வாங்கிய பிறகும், ஆள் போதாத நேரத்தில் தோட்டத்தில் கூப்பிடுவார்கள். கவ்வாத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிக்கொண்டே போகும்போது ஒரு செடிக்குள் குருவிக் கூடு இருந்தால், அந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். மலை முழுக்கக் குச்சியாக நிற்கும்போது அது மட்டும் பச்சையாக நிற்கும். அதற்குப் பெயர் குருவிச் செடி. கணக்கப்பிள்ளை முணுமுணுப்பார். குஞ்சு பறந்த பிறகு தானே வந்து வெட்டிவிடுவதாக அப்பா சொல்வார், சொன்னபடி வெட்டியும் விடுவார். அவர் எத்தனை குருவிச் செடிகளை அப்படிக் காப்பாற்றியிருப்பார் என்று யாரும் எண்ணியதில்லை.

காட்டை ஒட்டிய மலையில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி கூடு கட்டிய செடி ஒன்றை விட்டிருப்பதாக அப்பாதான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேரைக் கூட்டிப்போனேன், வழி காட்ட அப்பாவும் வந்தார். பாதையிலேயே நின்று பார்த்தோம். இலைகளுக்கு உள்ளே பாசியால் கட்டிய சின்னக் கிண்ணம், அதற்குள் இரண்டு குஞ்சுகள். சேர் கமராவைத் தூக்கினார், உடனே இறக்கிவிட்டார்.

"ச்ச, ஒரு கொப்பு மறைக்குது" என்றார். அவ்வளவுதான். அப்புறம் எப்போதும் போல, "பரவாயில்ல, கூட்டை நாம தொந்தரவு செய்யக் கூடாது" என்றும் சொன்னார். மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் பிளேன்டீ போத்தலோடு நின்ற அப்பாவின் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும். தோட்டத்தில் காற்சட்டை போட்டு வந்தவர் "மறைக்குது" என்றால் அது பேச்சு இல்லை, உத்தரவு. துரை ஜீப்பை நிறுத்தி ஒரு கிளையைப் பார்த்து முகம் சுளித்தால் போதும், மறுநாள் அந்தக் கிளை இருக்காது. யாரும் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். அப்பா அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்து, அதிலேயே வயதானவர்.

பௌர்ணமிக்கு விடும் போயா லீவு நாளில் மறுபடி போனோம். குருவிச் செடியின் முன்பக்கம் முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. ஒரு சிம்பு கூட இல்லாமல், அப்பாவுக்கே உரிய சுத்தமான வெட்டு. கூடு வெட்டவெளியில் இருந்தது. வெயில் நேராகக் குஞ்சுகள் மேல் அடித்தது. பக்கத்தில் கத்தியோடு அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"யாருப்பா வெட்டுனது?"

"நான்தான் தம்பி. விடியவே வந்து வெட்டிட்டேன். சேர் அன்னைக்கு மறைக்குதுன்னு சொன்னாருல்ல. இப்ப எங்க நின்னு பாத்தாலும் தெரியும்."

"குருவிச் செடியப்பா இது!"

"தெரியாமலா வெட்டுனேன்? கூட்டுல கைகூடப் படல. குருவியப் பத்திப் படிச்சவரு கேக்குறாரு, அதுல கெடுதல் வருமா?"

சேர் இப்போது வெடிக்கப் போகிறார், வான்காரர்களைத் திட்டியது போல என் அப்பாவையும் திட்டப் போகிறார் என்று பயந்து திரும்பினேன். 'கிளிக்' என்று சத்தம் கேட்டது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சேர், என்ன செய்றீங்க?"

"வெட்டுனது வெட்டியாச்சு. இனி எடுக்காம விட்டா மட்டும் கொப்பு முளைக்கவா போகுது? பசியில வாயத் திறக்குறதப் பாருங்க!"

பசி இல்லை. குஞ்சுகளின் தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வெயில் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நிழல் வேண்டும் என்று கத்தினேன். அப்பாவின் சிரிப்பு நின்றது. அவர் கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓடிப் போய்க் கீழே கிடந்த வெட்டின கொப்புகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

"ஐயா, ஒரே நிமிஷம். தாய் வந்து ஊட்டுற படம் ஒண்ணு மட்டும். எல்லாரும் கொஞ்சம் தள்ளி நிப்போம்" என்றார் சேர்.

அப்பா நின்றுவிட்டார். கை நிறையக் கொப்புகளோடு, சேர் "சரி" என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு பாதையில் நின்றார். நான் அந்தக் கொப்புகளைப் பிடுங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை. "இருப்பா, சேர் சொல்லட்டும்" என்றார்.

தாய்க்குருவி வாயில் பழத்தோடு காட்டு ஓரத்துக் கிளைக்கு வந்தது. எங்களைப் பார்த்துக் கத்தியது, கிட்டே வரவில்லை. அதன் சத்தத்துக்குத்தான் காகம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு குஞ்சைத் தூக்கியது. அப்பா கொப்புகளைப் போட்டுவிட்டு, "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டு மேட்டில் ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வெட்டின குச்சி காலில் தட்டி விழுந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் இரண்டாவது காகம் வந்து மற்றதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவ்வளவு நேரமும் என் காதருகே கமரா ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா முழங்கையில் இரத்தத்தோடு இறங்கி வந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. என்னிடம் வரவில்லை, நேராகச் சேருக்கு முன்னால் போய்க் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க சேர். நான்தான் புத்தியில்லாம வெட்டிட்டேன்."

சேர் கமராத் திரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"பரவாயில்லங்கய்யா. நமக்குப் படம் கிடைச்சிருச்சு."

அப்பாவின் கை கூப்பியபடியே இருந்தது. நான்தான் அதைப் பிடித்து இறக்கிவிட்டேன்.