குடைக்காரரை நம்பலாமா?

விவாகரத்து முடிந்த பிறகு மதுக்கரையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்தேன். கோயம்புத்தூருக்குள்ளேயே இருந்தால் தெரிந்தவர்கள் யாராவது எதிரே வந்து விசாரிப்பார்களே என்ற பயம். வேலை வீட்டிலிருந்தேதான். அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு யாரோடும் பேச வேண்டியதில்லை. சாயங்காலம் பால் வாங்கப் போய்க் கடைக்காரரிடம் வாயைத் திறக்கும்போதுதான், அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அது என்பது உறைக்கும்.

கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி அனுப்பிய லிங்க் வழியாக அந்த ஆட்டத்துக்குள் போனேன். அவள் சீக்கிரமே விட்டுவிட்டாள், நான் தங்கிவிட்டேன். ஆட்டம் எளிமையானது. ஒன்பது பேர் ஓர் ஊர் மக்கள். அதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாராவது இரண்டு பேர் ஓநாய்கள். யார் ஓநாய் என்பது ஓநாய்களுக்கு மட்டும் தெரியும். திரை இருண்டால் அவை ஊரில் ஒருவரைத் தின்றுவிடும். வெளிச்சம் வந்ததும் மிச்சமிருப்பவர்கள் மைக்கில் பேசிப் பேசி, சந்தேகப்படும் ஆளை ஓட்டுப் போட்டு வெளியேற்ற வேண்டும். முகம் தெரியாது, பெயர் கிடையாது. ஆளுக்கொரு சின்னப் படம்தான். என் படம் ஆமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கூட்டம் சேரும்.

முதலில் என்னைத்தான் எப்போதும் வெளியேற்றினார்கள். "ஆமை பேசவே மாட்டேங்குது, அதுதான் ஓநாய்" என்பார்கள். எனக்குப் பேச்சுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் கேட்கத் தெரியும். குடித்தனம் நடத்திய வருஷங்களில், வாசல் கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே வருகிறவர் எந்த மனநிலையில் வருகிறார் என்று கணித்துப் பழகியவள் நான். பூனைப் படம் போட்ட பெண் பொய் சொல்வதற்கு முன்னால் கேட்ட கேள்வியையே ஒருமுறை திருப்பிச் சொல்வாள். கார் படக்காரருக்குக் கோபம் வந்தால் அவர் நல்லவர், சிரித்தால் ஓநாய். இப்படி ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். கொஞ்ச நாளில், "அக்கா, நீங்க சொல்லுங்க, இவரை நம்பலாமா?" என்று என்னைக் கேட்டுத்தான் ஓட்டே போட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காலையிலேயே வேலையை வேகமாக முடித்துவைப்பேன்.

கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் குடைப் படக்காரர். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் பக்கத்துப் பேச்சு. ஜெர்மனியில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். நமக்கு மதியம் என்றால் அங்கே காலை. "பனி முட்டி வரைக்கும் கொட்டிக் கிடக்குதுங்க, பூட்ஸை மாட்டிட்டு இனிமேதான் ஆபீஸ் கெளம்போணும்" என்பார். ஓட்டில் தோற்று வெளியே போகும்போதும், "வாரேனுங்க, நல்லா ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஓநாய் ஆகிவிட்டால் மட்டும் அந்த "ங்க" எங்கேயோ உதிர்ந்துவிடும். "நான் இல்லப்பா, சொன்னா நம்புப்பா" என்பார். உடனே கண்டுபிடித்துவிடுவேன். பனியைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய "ங்க" ஒருமுறைகூடக் குறைந்ததில்லை.

ஒருநாள் ஆட்டம் பாதியில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அப்பால் இருக்கும் கல் குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் எச்சரிக்கையாக மின்சாரச் சங்கு ஊதுவார்கள். அன்றைக்கும் ஊதினார்கள். ஜன்னல் வழியாகக் கேட்ட சத்தம் அடங்கும் முன்பே, காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டிலும் அதே சங்கு ஊதியது. அப்போது குடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். சட்டென்று மைக்கை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வெடிச்சத்தத்தில் என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் மைக் திரும்ப உயிர்பெற்றது.

"என்னங்க அது சத்தம்?" என்று பூனை கேட்டாள்.

"ஆம்புலன்ஸ்ப்பா," என்றார்.

பேச்சு அவர் பக்கம் திரும்பியது. அவர்தான் ஓநாய் என்று கார் படக்காரர் அடித்துச் சொன்னார். எல்லாரும் வழக்கம்போல என்னிடம் வந்தார்கள். "அக்கா, குடையை நம்பலாமா?"

அவர் ஓநாய்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்து பொய் என்று சொன்னால், அது ஆட்டத்தோடு நிற்காது என்று தோன்றியது.

"நம்பலாமுங்க," என்றேன்.

ஊர் தோற்றது. "அக்காவே ஏமாந்துட்டாங்க" என்று வருத்தப்பட்டார்கள். குடைக்காரர் அன்றைக்கு மட்டும் "வாரேனுங்க" சொல்லாமலே வெளியேறினார்.

அதற்கப்புறம் தெருவில் நடக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். பஸ் ஸ்டாப்பிலும் மருந்துக்கடையிலும் பின்னால் யாராவது பேசினால் நின்றுவிடுவேன். மெயின் ரோட்டு பேக்கரியில்தான் அந்தக் குரல் கேட்டது.

"ரெண்டு பன்னு குடுங்க. ஒண்ண மட்டும் சின்னச் சின்னதா வெட்டிக் குடுத்துருங்க."

நரைத்த மீசை, கசங்கிய வேட்டி, கையில் மருந்துக்கடைக் கவர். என்னையறியாமல், "ஏனுங்க, குடைங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"குடையெல்லாம் இங்க விக்கறதில்லைங்க," என்றார் பேக்கரிக்காரர்.

மீசைக்காரர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமைங்களா?" என்றார்.

டீ வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றோம். சங்கு இரண்டு பக்கமும் கேட்டதைச் சொன்னேன்.

"அதுதான் அன்னைக்கு என்னைய உட்டுட்டீங்களா," என்றார். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "மில்லுல இருந்தேன் அம்மணி. சம்சாரத்துக்குப் பக்கவாதம் வந்துருச்சு, வேலைய உட்டுப்போட்டேன். மத்தியானம் சோறு ஊட்டிப் படுக்க வெச்சா கொஞ்சம் தூங்குவா. அப்பத்தான் ஆட வாரது. மொத நாளே ஒருத்தர் கேட்டாருங்க, மத்தியானத்துல ஊட்டுல என்ன பண்றீங்கன்னு. என்னத்தச் சொல்றது? ஜெர்மனி, இங்க இப்பக் காலையிலன்னு சொல்லிப்போட்டேன்."

"பனியெல்லாம்?"

"தினமும் போன்ல பாத்துட்டுத்தான் வருவேனுங்க, அங்க மழையா பனியான்னு." சொல்லும்போது முகம் கொஞ்சம் மலர்ந்தது. "படத்துலயே பாத்துப் பாத்து அந்த ஊரு வீதியெல்லாம் இப்ப எனக்கு அத்துபடி. எந்த முக்குல திரும்புனா ரயிலடி வரும்னுகூடச் சொல்லுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க," என்றார்.

"சொல்ல மாட்டேனுங்க." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒருநாள் ஊட்டுப் பக்கம் வரட்டுங்களா? அவங்களப் பாக்க?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. யாராச்சும் வந்தா அவளுக்கு அழுகை வந்துரும்."

மறுநாள் ஆட்டத்தில் பூனை வழக்கம்போல, "குடை, இன்னைக்கும் பனிங்களா?" என்று கேட்டாள். "ம், இருக்குதுங்க," என்று நிறுத்திக்கொண்டார். பூட்ஸ் இல்லை, ஆபீஸ் இல்லை. அதற்கடுத்த நாள் நான் உள்ளே போனதும், அவசர வேலை என்று சொல்லி வெளியேறிவிட்டார். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. என் ஆமைப் படம் திரையில் வந்தால் குடைப் படம் மறைந்துவிடும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. ஆனால் உண்மை தெரிந்த ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது அவரால் அந்த ஊர் வீதிகளில் நடக்க முடியவில்லை.

சில நாள் யோசித்தேன். அவரைத் தவிர எனக்கும் அங்கே ஏழு பேர் இருந்தார்கள். என் வாழ்க்கையில் அப்போது இருந்தவர்களே அவர்கள்தான். ஆனாலும் நான் எழுந்து வெளியே போகலாம், பஸ் ஏறலாம், சினிமாவுக்குப் போகலாம். அவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே போனதும், அவர் கிளம்புவதற்குள் முந்திக்கொண்டேன். ஷிஃப்ட் மாறிவிட்டது, இனிமேல் மதியத்தில் வர முடியாது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். பூனை அழுவதுபோல ஒரு படம் போட்டாள். "அக்கா இல்லாம யாரைக் கேட்டு ஓட்டுப் போடறது?" என்றார் கார் படக்காரர். குடையின் மைக் திறந்தது. வெறும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒடம்பப் பாத்துக்குங்க அம்மணி," என்றார். மைக்கை அணைத்துவிட்டார்.

மதியங்கள் மறுபடியும் பழையபடி ஆயின. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். ரேடியோ போட்டுப் பார்த்தேன். அதில் பேசுகிறவர்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் அவரை ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் பார்த்தேன். சக்கர நாற்காலியில் மனைவியை உட்காரவைத்து ஆஸ்பத்திரிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். என்னைப் பார்த்ததும் நின்றார். குனிந்து அந்த அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். என்னை யார் என்று சொன்னாரோ தெரியவில்லை. அந்த அம்மா நிமிர்ந்து என்னைத் தேடிப் பார்த்து, அசையும் கையை மெல்ல உயர்த்தினார். நானும் கையை உயர்த்தினேன். நடுவில் ஒரு சிமெண்ட் லாரி வந்து நின்றது. அது நகர்ந்தபோது அவர்கள் திருப்பத்தைத் தாண்டியிருந்தார்கள்.