பந்தாட்டத்துக்குப் போட்ட வெடி

பந்தாட்டம் பார்க்க வருகிறவர்களிடம் எனக்குப் பிடிக்காதது நிறைய. முன்னால் இருப்பவன் பந்து கோலுக்குப் பக்கத்தில் போகுமுன்னே எழும்பி நிற்பான். பின்னால் இருப்பவனுக்கு அவன் முதுகுதான் ஆட்டம். ரெஃபரியின் அம்மாவை வாயில் இழுப்பார்கள். அவள் எங்கேயோ மீன் கழுவிக்கொண்டிருப்பாள். அவள் என்ன செய்தாள்? தோற்றவன் தலையைக் குனிந்து பைக் எடுக்கப் போனால் பின்னாலேயே போய்க் கூவுவார்கள்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் செய்தது இதைவிட மோசம். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன், தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் காணாமல் போன ஆள் உயிரோடு கிடைத்தால், ஆள் எந்தக் கரையில் ஏறினாலும் அங்கே வெடி போடுவார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டாம். வெடிதான் சேதி.

அந்த வருடம் பக்கத்து வீட்டு அண்ணன் கட்டுமரத்தில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. முன்பு எங்கள் டீமுக்குக் கோல் காத்தவர். வள்ளங்கள் தேடிக்கொண்டிருந்தன. நாலாம் நாள் ஃபைனல், மேற்கே அடுத்த ஊர் கிரவுண்டில். விளையாடலாம், சத்தம் கூடாது என்று கோயிலில் ஃபாதர் சொன்னார். அண்ணன் பெஞ்சாதியிடம் சொல்ல நான்தான் போனேன்.

"மைனி, ஆட்டம் மட்டுந்தான். கொட்டு கிடையாது, வெடி கிடையாது."

"போயிட்டு வா மக்கா. அவியளுக்கும் பந்துன்னா உசிருல்லா."

டெம்போவில் போனோம். ஆட்டம் தொடங்குமுன்னே அந்த ஊர்க்காரன் ஒருவன் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று கத்தினான்.

"ஏலே, ஒங்க கோலியத்தான் கடலு கொண்டு போயிட்டே! இன்னைக்கு யாரு நிப்பா, மீனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் மட்டும் "நாக்க அடக்குல" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெனால்டியில் ஜெயித்தோம். எல்லாரும் அழுதோம். அதோடு வந்திருக்கலாம். நான் நேரே கடைக்குப் போய்ப் பெரிய சரவெடி ஒன்று வாங்கினேன். அந்தச் சிரித்தவர்கள் நின்ற முக்கிலேயே நீட்டிப் போட்டேன்.

"எண்ணே, வெடி வேண்டாம்னு சொன்னாவல்லா?" என்றான் எங்கள் கோலி.

"இது நம்ம ஊரா? அங்க எங்க கேக்கப் போவுது" என்றேன். பற்ற வைத்தேன்.

இரண்டு ஊருக்கும் நடுவில் பொழி கிடக்கிறது, ஆறு கடலில் சேருகிற இடம். டெம்போ பாலம் சுற்றித்தான் வரவேண்டும். சத்தத்துக்குப் பாலம் வேண்டாம். அன்று மேல்காற்று, மேற்கிலிருந்து எங்கள் ஊரைப் பார்த்து அடிக்கிறது. முப்பது வருடம் காற்றுப் பார்த்துக் கடலுக்குப் போகிறவன் நான். அதைப் பார்க்கவில்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டு நடுவில் மைனி நின்றாள். ஓடி வந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. ஒரு கையில் அண்ணன் உடுக்கிற சாரம், மடித்தது, உலர்ந்தது. மறு கையில் பிளாஸ்க்.

டெம்போ நின்றது.

"எங்க மக்கா? ஆசுபத்திரிக்கா கொண்டு போயிருக்கு?"

பின்னால் ஒருவன் விஷயம் தெரியாமல் பீப்பி ஊதிக்கொண்டே இருந்தான். யாரோ அதைப் பிடுங்கினார்கள்.

நான் இறங்கினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"மைனி, கப்பு கிடைச்சிருக்கு."

அவள் கப்பைப் பார்த்தாள். பிறகு டெம்போவுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு திரும்பி நடந்தாள். ஏறச் சொன்னோம். ஏறவில்லை. டெம்போ அவள் பின்னால் மெதுவாக வந்தது. முந்திப் போக ஒருவருக்கும் மனசு வரவில்லை.

அண்ணன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பெட்டி இல்லாமல் பூசை வைத்தோம்.

மைனி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாயால் கத்துகிறவனைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. அவன் சொன்னதற்கு நான் ஏன் வெடி போட்டேன் என்றுதான் யோசிக்கிறேன். அவனுக்குப் போட்டேன். கேட்டது அவள்.

இப்போது எந்த ஊரில் ஃபைனல் என்றாலும் காலையிலேயே போய்ச் சொல்லிவிடுவேன். "மைனி, இன்னைக்கு பந்தாட்டம் இருக்கு. வெடி கேட்டா அதுக்குப் போட்டதுதான்."

"செரி மக்கா" என்பாள்.

போன ஃபைனலுக்கு நான் போகவில்லை. முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மேற்கே வெடி கேட்டது. மைனி வாசலுக்கு வந்தாள். காலையில்தான் சொல்லியிருந்தேன். வெடி ஓய்ந்த பிறகும் மேற்கே பார்த்து நின்றாள். அவள் உள்ளே போகும்வரை நான் தலை நிமிரவில்லை.