மூத்தாளுக்குக் கொடுத்த மாத்திரை

பாலக்கரை ஸ்டோரில் ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம். தலைவலி, பல்வலி என்றால் எட்டு வீட்டுக்கும் சின்னையன்தான். சின்னக்கடை வீதியில் மருந்துக் கடை வேலை. சாயங்காலம் அவர் சட்டைப் பையில் மாத்திரைப் பொட்டலங்கள் வரும். பெண்டாட்டி மாரியாயிக்கு மட்டும் ஒன்றும் வராது. அவளுக்கு எட்டாம் மாதம். இடுப்பு விட்டுப்போகிறது என்று அழுதால், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்.

"ஊருக்கெல்லாம் மாத்திரை, எனக்கு உப்பு மூட்டையா?" என்பாள். அவர் உப்பை மறுபடி சூடாக்கப் போய்விடுவார்.

மருங்காபுரியிலிருந்து இரண்டாம் தாரமாக வந்தவள் அவள். ஸ்ரீரங்கத்துக்காரியான மூத்தாள் அழகம்மாள் ஐம்பத்து மூன்றாம் வருஷம் பிரசவத்தில் போய்விட்டாள். அமாவாசை தவறாமல் அவர் ஸ்ரீரங்கத்து ஆற்றங்கரையில் அம்மா மண்டபத்துக்குப் போய் அவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து வருவார். ஈர வேட்டியோடு திரும்பும் அந்த முகத்தைப் பார்த்தாலே மாரியாயிக்கு வயிறு எரியும். செத்தவளோடு சண்டை போடவும் வழியில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வமேரி வேறு ஒருநாள், "அழகம்மான்னா அவருக்கு உசுருங்க. முழுகாம இருந்தப்போ இடுப்பு வலின்னு முனகினாப் போதும், கைநிறைய மாத்திரையோட ஓடிவருவாரு" என்று சொல்லிவைத்தாள்.

மாரியாயி அவளிடமே பல்வலி மாத்திரை இரண்டு வாங்கிவந்தாள். சின்னையன் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து, அவர் பார்க்க வாயருகே கொண்டுபோனாள்.

"அவளுக்குக் கொடுத்தீங்கல்ல? எனக்கு நானே எடுத்துக்கிறேன்."

அவர் பாய்ந்து தட்டிவிட்டார். தம்ளர் உருண்டது.

"கொடுத்தேன்டி. கடைசி மாசம் முழுக்க, ஒரு நாளைக்கு நாலு, இதே ஆஸ்பிரின். பிள்ளை பொறந்ததும் ரத்தம் நிக்கலை. என்ன சாப்பிட்டான்னு டாக்டரம்மா கேட்டாங்க. சொன்னேன். 'அதனாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாசமா இருக்கவளுக்கு எங்களைக் கேக்காம எதுக்குப்பா கொடுத்தே?'ன்னாங்க. பிள்ளையும் மறுநாள் போயிடுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா எங்கூட இருப்பியா?"

மாரியாயி மாத்திரைகளைத் தேடிப் பொறுக்கிச் செல்வமேரியிடம் திருப்பிக் கொடுத்தாள். அன்று ஒத்தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, இந்தச் சூடு தனக்கா, மூத்தாளுக்கா என்று யோசனை ஓடியது. அறுபத்தெட்டு வயதில் கண்மூடும்வரை அந்த யோசனை அவளை விடவில்லை.

பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பெயர் என்ன வைக்கலாம் என்று சின்னையன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என்ன வேணா வைங்க. அழகம்மான்னு வச்சீங்க, அடுத்த பஸ்ஸுல மருங்காபுரிதான்."

மூன்றாம் மாத அமாவாசைக்கு அவளும் ஸ்ரீரங்கம் போனாள். அவர் எள்ளிறைக்கும்வரை படியில் தள்ளியே நின்றாள். பிறகு பிள்ளையை எள் மிதந்துபோன ஆற்றுப் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்க. இது என்னோடது."