ஊர் முழுக்கக் கேட்ட திட்டு

நகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுகிற அந்த அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஊருக்கு அவர் வெண்கலத்தக்கா. தொண்டை அப்படி. தெருமுனையில் நின்று "குப்பை!" என்று ஒரு குரல் கொடுத்தால், மாடியில் குளித்துக்கொண்டிருப்பவர்கூடத் துண்டைக் கட்டிக்கொண்டு வாளியோடு ஓடிவருவார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குரலில் அதட்டல் உண்டே தவிர அலட்சியம் கிடையாது. படியிறங்க முடியாதவர்கள் வீட்டுக்கு அவரே மேலேறிப்போய் வாளியை வாங்கி வருவார். இறங்குகிற வழியெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே வருவார்.

ஊருக்கு வெளியே குளத்தை ஒட்டி ஒரு குப்பைமேடு. அது வளர்ந்து வளர்ந்து குளத்துக்குள்ளேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது. இனியும் விட்டால் ஊரே நாறிப்போகும் என்று நகராட்சி ஒருவழியாக முடிவுக்கு வந்தது. ஏற்கெனவே நாறிக்கொண்டிருந்தது வேறு விஷயம். வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தார்கள். காய்கறித் தோல், மிச்சச் சாப்பாடு, டீத்தூள் எல்லாம் பச்சை வாளிக்கு. காகிதம், பிளாஸ்டிக், டப்பா எல்லாம் நீல வாளிக்கு. பச்சை வாளியில் சேர்வது உரக்கிடங்குக்குப் போய் எருவாகி, பூங்காவுக்கும் செடி வளர்ப்பவர்களுக்கும் திரும்பி வரும். நீல வாளியில் சேர்வது மறுசுழற்சிக்குப் போகும். குப்பைமேட்டுக்குப் போக ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பது திட்டம். டீசல் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டுச் சத்தமில்லாத பேட்டரி வண்டிகள் வாங்கினார்கள். சத்தம் இல்லாததால் வண்டி வந்ததும் போனதும் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள்!

ஏற்பாடெல்லாம் பிரமாதம், மக்கள்தான் மசியவில்லை. பச்சை வாளியில் பிய்ந்த செருப்பு வந்தது. நீல வாளியில் மீன்முள் வந்தது. ஒரு மகராசர் இரண்டு வாளியிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, குப்பையைப் பழையபடி பையில் கட்டிக் கொடுத்தார். ஒலிபெருக்கியில் யாரோ ஒருவர் "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்ததுமே ஊர் காதைப் பொத்திக்கொண்டது. உரக்கிடங்கில் இருந்தவர்களுக்கு பிளாஸ்டிக் பொறுக்கிப் பொறுக்கியே கை ஓய்ந்துபோயிற்று.

நகராட்சிக்குப் புதிதாக வந்திருந்த சுகாதார அதிகாரி ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த அறிவிப்பை நீங்களே பேசிக் கொடுத்துடுங்க. உங்க குரலுக்குத்தான் ஜனங்க பயப்படுறாங்க."

"பயமா? அது மரியாதை சார்."

"சரி, மரியாதை. நாளைக்குக் காலையில எல்லா வண்டியிலயும் ஓடணும்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலைச் சாத்தி, செல்போனை முகத்துக்கு நேராக நிறுத்தித் தொண்டையைச் செருமினார். வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்து வந்து, தனக்கு ஒரு டீ போட்டுக்கொள்ள அடுப்படியில் நின்றிருந்தார். "நான் பேசி முடிக்கிறவரைக்கும் மூச்சு விடக்கூடாது" என்று அவருக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டாயிற்று. அவரும் நல்லபிள்ளையாகத் தலையாட்டினார்.

"வணக்கம்! நம்ம ஊரு, நம்ம குளம், நம்ம குப்பை..." என்று அக்கா ஜோராகப் பேசிக்கொண்டே போனார். பாதியில் ஓரக்கண்ணில் பட்டது அந்தக் காட்சி. பாலை ஊற்றிய கையோடு வீட்டுக்காரர் அந்தக் காலிக் கவரை மெதுவாகப் பச்சை வாளிக்குள் விட்டார். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னங்க! பால் கவரைப் பச்சை வாளியிலயா போடுறீங்க? ஊருக்கே நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன், என் வீட்லயே இந்தக் கூத்தா? ரெண்டு வாளி எதுக்கு வச்சிருக்கு? ஒண்ணுல நீங்க உக்காரவும் ஒண்ணுல நான் உக்காரவுமா?"

வீட்டுக்காரர் டீயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டாவது முறை தேனொழுகப் பேசி முடித்தார். அனுப்பும்போதுதான் அவசரத்தில் கை மாறியது. போனது முதலில் பேசியது. நகராட்சியிலும் வந்ததை வந்தபடி எல்லா வண்டிக்கும் ஏற்றிவிட்டார்கள். நகராட்சி அறிவிப்பை உட்கார்ந்து கேட்கிற பழக்கம் ஊரில் யாருக்கும் கிடையாது என்றால், நகராட்சிக்காரர்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை அக்கா தன் வண்டியில் ஏறிப் பொத்தானை அழுத்தினார். நம்ம ஊரு, நம்ம குளம் என்று போய், "என்னங்க!" என்று ஒலிபெருக்கி போட்ட போட்டில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா பதறிப்போய்ப் பொத்தானைத் தட்டினார். அது முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எந்த வீட்டில் பார்த்தாலும் அதே வசனம். மனைவி கணவனைப் பார்த்து, "ஒண்ணுல நீங்க உக்காரவா?" என்றார். மாமனாரைப் பார்த்து மருமகள் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். திட்டைக் கேட்கவென்றே ஜனங்கள் வாசலில் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் கையில் வாளியும் இருந்தது, வாளியில் குப்பை ஒழுங்காகப் பிரிந்தும் இருந்தது. அடுத்த திட்டு நம் வீட்டுக்கு வந்துவிடக்கூடாதே என்ற கவலைதான். உரக்கிடங்கில் எரு கறுகறுவென்று, பிளாஸ்டிக் துணுக்கு இல்லாமல், நல்ல மண்வாசனையோடு வந்தது. குப்பைமேட்டுக்குப் போகிற லாரி பாதி நாள் சும்மா நின்றது. நகராட்சிக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். அந்த அறிவிப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்று நகராட்சித் தலைவி அம்மாவே சொல்லிவிட்டார்.

எல்லாம் சரி. வீட்டுக்காரர் கதை என்ன ஆயிற்று?

பஸ் எந்தத் தெருவில் திரும்பினாலும் குறுக்கே ஒரு குப்பை வண்டி. வண்டியில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு. "அண்ணே, நீங்க எந்த வாளிண்ணே?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்பார், பஸ் முழுக்கச் சிரிக்கும். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது. டீயைக்கூட டிப்போவிலேயே குடித்துவிட்டு வந்தார். எதைக் கேட்டாலும் ஒரு "ம்".

"தப்பு பண்ணது அவரு, வீராப்பு மட்டும் என்ன வேண்டிக்கிடக்கு?" என்று அக்காவும் முறுக்கிக்கொண்டார். எத்தனை நாள் முடியும்? தினம் பஸ்ஸில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டி, அக்காவை வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கிற மனுஷன் அவர். அவர் வாயை மூடியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அக்காவுக்கு அழுகை வந்தது. அழுகைக்கும் அதே தொண்டைதான் என்பதால் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அப்புறம் தண்ணீர் வீணாகிறதே என்று இரண்டையும் நிறுத்தினார்.

நேரே அதிகாரியிடம் போனார். "சார், அதை எடுத்துடுங்க. என் வீட்டுக்காரர் எனக்கு முகம் கொடுத்துப் பேசறதில்லை."

"அக்கா, இப்பத்தான் குளமே மூச்சு விட ஆரம்பிச்சிருக்கு. பக்கத்து நகராட்சியிலேர்ந்து பாக்க வர்றாங்க. இந்த நேரத்துல போய்..."

"குளம் மூச்சு விடுது சரி. எனக்கு மூச்சு முட்டுதே சார்!"

அதிகாரி தலையைச் சொறிந்தார். கொஞ்சம் பொறுங்க என்றார். வேறென்ன சொல்வார்?

அன்று சாயங்காலம் துணி துவைக்க எடுத்தபோது, வீட்டுக்காரரின் சட்டைப் பையிலிருந்து வாழைப்பழத் தோல் விழுந்தது. கறுத்துச் சுருண்டு கிடந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

"என்னங்க இது? நம்ம வீட்ல வாளி இல்லையா?"

"எதுல போட்டாலும் ஊருக்கே கேக்குதே. போற வழியில போட்டுடலாம்னு வச்சேன், மறந்துட்டேன்."

"அன்னைக்குத் தப்பு பண்ணது யாரு? நானா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு நீ செல்போனை எது மேல வச்சிருந்தே?"

அக்கா யோசித்தார். சமையல் மேடை உயரம் போதவில்லை என்று எதையோ தூக்கி மேலே வைத்து... நீல வாளி! அதன் மூடிமேல்தான் செல்போன் நின்றிருந்தது.

"மூச்சு விடாதேன்னுட்டே. மூடியைத் திறந்தா போன் விழும், நீ பேசினது கெட்டுப்போகும். இப்போதைக்கு இதுல போடுவோம், நீ முடிச்சதும் எடுத்து மாத்திடலாம்னு நினைச்சேன். மாத்தியும் போட்டேன். நீதான் பாக்கலை."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அட கடவுளே! இதைக் கேலி பண்றவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, அந்த அக்கா என்ன ஏதுன்னு தெரியாம சும்மா கத்தும்னு பேசுவாங்க. அப்புறம் உன் பேச்சை எவன் கேப்பான்? இப்பத்தான் ஊரு உன் பேச்சைக் கேக்குது."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னவாம்?"

"ஏங்க அதுல போட்டீங்கன்னு ஒரு தடவையாவது கேப்பியான்னு பாத்தேன். நீ கேக்கவே இல்லை."

அக்கா எழுந்து அந்த வாழைப்பழத் தோலைப் பச்சை வாளியில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அக்கா தன் வண்டியை பஸ் நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினார். வீட்டுக்காரரின் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பதிவை நிறுத்திவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க, நான் நேர்லயே பேசறேன். பால் கவரு விஷயத்துல என் வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லை. நீல வாளி மூடிமேல போனை வச்சவ நான். அதைத் தொடக்கூடாதேன்னு பாவம் அவரு தவிச்சு நின்னாரு. ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம திட்டினவளும் நான். ஊருக்கே கேக்குற மாதிரி திட்டினேன், ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றேன். என்னங்க, மன்னிச்சுடுங்க. இனிமே யாரும் அவரைக் கேலி பண்ணக்கூடாது. அதுக்காகக் குப்பையைப் பிரிக்காம விட்டீங்க, தொலைச்சுடுவேன்! உங்க வீட்ல யாராவது மாத்திப் போட்டா முதல்ல ஏன்னு கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க."

பின்சீட்டுக் கேலிக்காரர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். டிரைவர் சீட்டில் இருந்தவர் முன்கண்ணாடியைத் துடைக்க எடுத்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேரமாகிவிட்டதை யாரும் நினைவுபடுத்தவில்லை, பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது.

போச்சு, இனி எவனும் பிரிக்கமாட்டான் என்று அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். நடந்தது வேறு. தெருவுக்குத் தெரு ஜனங்கள் வண்டியை மறித்து, டீப் பையை எதில் போடுவது, உடைந்த பல்பை என்ன செய்வது என்று கேட்க ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் பயத்தில் கேட்காமலே ஏதோ ஒரு வாளியில் தள்ளிக்கொண்டிருந்தார்களாம். அதிகாரி ஓடிப்போய் பஸ் நிலையத்தில் பேசியதையே எல்லா வண்டியிலும் போடச் சொன்னார். அக்கா நின்ற இடத்திலிருந்தே அதை மறுபடி பேசி, ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் நேராகச் சமையலறைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். கோப்பை எடுக்கிற சாக்கில் அக்கா சுற்றிச் சுற்றி வந்தார்.

"இப்போ சந்தோஷமாங்க?"

"என்னத்த சந்தோஷம்!" என்றார் அவர், பாலை ஊற்றிக்கொண்டே. "என் மேல ஒரு தப்பும் இல்லைன்னு ஊருக்கே சொல்லிட்டே. இனிமே நான் ஆசைக்கு ஒரு தப்பு பண்ண முடியுமா?"