இடித்தவர் சொன்ன சாட்சி

என் அக்காவின் கணவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் கருவி எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். கூட வேலை செய்தவர்கள் கேலிக்கு வைத்த பெயர், கடைசியில் கடைக்காரர்கள் பில்லில் எழுதும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அத்தானுக்கு அதில் வருத்தமில்லை. "வெறும் மட்டம்னு சொல்லாம முன்னாடி ஒரு ரசத்தைச் சேத்தாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார்.

காலையில் ஒரு குளியலறைக்குள் போய்க் குந்தினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். கலவையைப் பரப்பி, டைலை வைத்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு. ஓசை கனமாக வந்தால் அடுத்தது. டொக்கென்று வந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று பெயர்த்து எடுத்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்த தரையில் முதல் ஆளாக நடந்து பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய சுகம்.

ஒரு நாள் காலை, சாமான் பையை முன்னால் வைத்துக்கொண்டு பைக்கில் வேலைக்குப் போனவரை, இடப்பக்கச் சந்திலிருந்து வேகமாக வெளியே வந்த ஒரு பிரெட் வேன் இடித்தது. இடது முழங்கால் பைக்குக்கும் வேனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் தெருவில் கடைகள் திறக்கவில்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. வேன் டிரைவரே இறங்கி வந்து, உள்ளே இருந்த பிரெட் தட்டுகளை ஒதுக்கி, அத்தானைத் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தகவல் வந்து நானும் அக்காவும் ஓடினோம். அவசரப் பிரிவுக்கு வெளியே, சட்டை முழுக்க மாவும் ரத்தமுமாக ஒருவர் பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "நான்தாம்மா ஓட்டிட்டு வந்தேன்" என்றார்.

அக்கா கத்தவில்லை. "தயவுசெஞ்சு என் கண்ணுல படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

முழங்காலில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். பல வாரங்கள் கழித்து முதன்முதலாக வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தபோது, அத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு அடி வைத்ததும் நின்று, வாக்கரின் காலால் தரையைத் தட்டினார். "இங்க காத்து அடைச்சிருக்கு."

நடைப்பயிற்சி சொல்லித்தந்த பெண் இடுப்பில் கை வைத்தாள். "சார், தரை எங்கேயும் போகாது. மொதல்ல நீங்க நடங்க."

அந்தப் பெண் விடாப்பிடியானவள். வலியில் அவர் பல்லைக் கடித்தால் வேறு எதையாவது பேசி, அவர் அசந்த நேரத்தில் காலை இன்னும் கொஞ்சம் மடக்கிவிடுவாள். அவளால்தான் அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். ஆனால் முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது, இனிமேல் குந்தி உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குந்த முடியாத டைல்ஸ்காரருக்கு என்ன வேலை இருக்கிறது?

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் பட்டன் வைக்கும் வேலை பார்த்த அக்கா, இரண்டு ஷிப்டாகப் போக ஆரம்பித்தாள். அங்கே கூட வேலை பார்த்த ஒருத்திதான் வக்கீலம்மாவைப் பற்றிச் சொன்னாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டிய அறை. வக்கீலம்மா கடகடவென்று பேசுவார். அத்தான் தயங்கித் தயங்கி, "யார்கிட்டயும் கையேந்திப் பழக்கமில்லம்மா" என்றார்.

"கையேந்தச் சொல்லல. வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்றதே இதுக்குத்தான். உங்க காலு போச்சு, உங்க தொழில் போச்சு. நஷ்டஈடு கேக்கறது உங்க உரிமை. படியேறி வந்தீங்கல்ல, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது."

மீதிப் பாதி சுலபமாக இல்லை. அத்தானுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. என்ன சம்பாதித்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டது. அவர் தரை போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர்களிடம் வக்கீலம்மா போனார். ஒருவராவது வருவாரா என்று நாங்கள் நினைத்திருந்தோம். வரிசையாக வந்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், "இவர் போட்ட தரைல நான் வழுக்கி விழாம இருக்கேன், இவருக்காக ஒரு படி ஏறமாட்டேனா?" என்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படிகளில் ஏறி வந்தார். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

பெரிய முட்டுக்கட்டை வேறு. போலீசில் பதிவான வேன் டிரைவரின் வாக்குமூலத்தில், பைக்தான் கண்மண் தெரியாமல் வந்து வேனில் மோதியது என்று இருந்தது. வக்கீலம்மா அதைப் படித்துக் காட்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "தூக்கிட்டு வந்தவன்னு அவர் இன்னும் அந்த ஆளை நல்லவன்னு சொல்லிட்டிருக்காரு. பாத்தியா?" என்றாள் என்னிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்கா திறந்தாள். வாசலில் வேன் டிரைவர். ஆள் இளைத்திருந்தார்.

"உள்ள வரல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்" என்றார்.

அக்கா கதவை விடவில்லை. அன்று பேசாததையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசினாள். குடும்பம் எப்படிக் கிடந்தது, மகளின் டியூஷனை நிறுத்தியது, கட்டிலிலிருந்து இறங்க அத்தான் பட்ட பாடு, எல்லாவற்றையும். உள்ளேயிருந்து அத்தான், "போதும், அவருக்கு மொதல்ல தண்ணி குடு" என்று குரல் கொடுத்தார். அக்கா போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் சொன்னார். "போலீஸ்ல இருக்கறது முதலாளி எழுதினது. கையெழுத்துப் போடலைன்னா வேலை இல்லைன்னாரு. போட்டுட்டேன். தப்பு என்மேலதான். சந்துலேருந்து பாக்காமத் திரும்பினேன். கோர்ட்ல வந்து அப்படியே சொல்லிடறேன்."

"சொன்னா உங்க வேலை?" என்றாள் அக்கா.

"போயிடும். கொஞ்ச நாளைக்கு லைசென்சும் போகும்னு சொல்றாங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே தொடர்ந்தார். "அன்னிக்கு வண்டில வர்றப்போ எனக்குப் பதட்டத்துல ஸ்டியரிங் நிக்கல. இவரு அவ்வளவு வலியிலயும், 'பதறாதீங்க, மெதுவாவே போங்க, வழில இன்னொருத்தரை இடிச்சிடப்போறீங்க'ன்னாரு. இடிச்சவன்கிட்ட அப்படிப் பேசின மனுஷன் அவரு. அவரைப் பத்திப் பொய்யில கையெழுத்துப் போட்டுட்டு எனக்குச் சோறு இறங்கல."

மறுநாள் அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் வக்கீலம்மாவிடம் சொன்னாள். வக்கீலம்மா பேனாவை மூடிவைத்தார். "இனிமே அவர்கிட்டப் பேசாதீங்க. ரெண்டு பேரும் கூட்டுன்னு எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும். ஆனா வந்தாரான்னு கேட்டா, வந்தாருன்னே சொல்லுங்க. ஒளிக்க ஒண்ணுமில்ல."

வக்கீலம்மா சொன்னபடியேதான் ஆனது. வேன் டிரைவர் கூண்டில் ஏறி, தப்பு தன்னுடையது என்று சொன்னதும் இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார்.

"முதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எது உண்மை?"

"அதுல கையெழுத்து மட்டும்தாங்க என்னுது. இப்ப பேசறது பூராவும் என்னுது."

"இவங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேங்க."

"என்ன கொடுத்தாங்க?"

"தண்ணி."

"வேற?"

"திட்டுதாங்க. நிறைய." நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். அவர் சிரிப்பை அடக்கியது எங்களுக்குத் தெரிந்தது.

வாய்வார்த்தையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்று வக்கீலம்மா போலீஸ் எடுத்த படத்தையும் காட்டினார். பைக்கின் முன்சக்கரம் வளையாமல் இருந்தது. இடப்பக்கம்தான் நசுங்கியிருந்தது. நேராகப் போய் மோதியிருந்தால் முதலில் சக்கரம்தானே வளையும் என்று கேட்டார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் அடைந்தது, மகளின் படிப்புக்கு ஒதுக்க முடிந்தது, அத்தான் மறுபடி தொழிலில் நிற்கக் கையில் ஏதோ இருந்தது. வக்கீலம்மா அறையில் அத்தான் எழுந்து நின்று கைகூப்பினார். "உக்காருங்க, காலு வலிக்கும்" என்றார் வக்கீலம்மா.

வேன் டிரைவருக்கு வேலை போனது. லைசென்சையும் சில மாதங்களுக்கு நிறுத்தினார்கள். வழக்கு முடிந்த அடுத்த வாரம், அக்கா தன் கம்பெனி மேனேஜர் முன்னால் போய், அவருக்கு வேலை கேட்டு நின்றாள். சீருடை மூட்டைகளைக் கட்டி அனுப்பும் பிரிவில் ஆள் தேவைப்பட்டது அவளுக்குத் தெரியும்.

"உனக்கு என்ன வேணும் அவர்?" என்று மேனேஜர் கேட்டாராம்.

என்ன உறவென்று சொல்வது? அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணன் மாதிரி சார்" என்றிருக்கிறாள். இதை அவளே எங்களிடம் சொன்னபோது அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணுல படாதேன்ன ஆளை இப்ப தினமும் பாக்கறா" என்றார். அக்கா முறைத்தாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணனையும் அவர் மனைவியையும் சாப்பிட அழைத்தவளும் அவள்தான்.

அத்தான் இப்போது சுவர் வேலை மட்டும் எடுக்கிறார். சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டார். உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து ஒட்டுவார். கீழ் வரிசைகளை மட்டும் கூட்டாளி முடித்துக்கொடுக்கிறார். மழைக்காலத்தில் முழங்கால் குத்துகிறது என்பார்.

போன மாதம் அந்த டீச்சர் வீட்டுச் சமையலறைச் சுவரை முடித்தார். நான் கூட்டிவரப் போயிருந்தேன். டீச்சர் கூலியை நீட்டினார். அத்தான் வாங்கவில்லை.

"இது தொழில். ஒழுங்கா வாங்கிக்கோங்க" என்றார் டீச்சர்.

"எனக்காக அன்னிக்குக் கோர்ட் படி ஏறினீங்களே டீச்சர், அதுக்கு நீங்க கூலி வாங்கினீங்களா?"

டீச்சர் எங்களை உட்கார வைத்து டீ போடப் போனார்.