கணினிக்குள் ஒரு பழைய கணினி

சீடி சுழலத் தொடங்கும்போது எழும் முனகலை இப்போது எங்கும் கேட்பதில்லை. போன கிழமை ஒரு கடையில் கேட்டது. கையிலெடுத்த சாமானை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

முன்பு அதைக் கடைசியாகக் கேட்டது 2009இல், யுத்தம் முடிந்த கிழமை. கல்முனைத் தெருவெல்லாம் வெடி, கொடி, சந்தியில் மறித்து நீட்டிய பாற்சோறு. சுனாமியில் என் தங்கையைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவளுடைய புருஷன், மச்சான், ஒரு சீடியோடு வந்தார். அவர்களுடைய கலியாண அல்பம். கட்டாரில் வேலைசெய்யும் மச்சானின் தம்பியிடம் கிடந்ததால் தப்பியது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே குடிபோவார். தங்கையின் படங்கள் எல்லாம், அடையாள அட்டைகூட, அந்தக் கடலோர வீட்டில்தான் இருந்தன. வீட்டோடு போயின. மிஞ்சியது அன்றைக்கு மச்சானின் தோளில் தப்பிய மகள்.

"புள்ள உம்மாட முகத்தக் கேக்காள் மச்சான். எனக்கே மறக்கப் பாக்குது," என்றார்.

என் கணினி அந்த அல்பத்தைத் திறக்கவில்லை. பழைய விண்டோஸில் மட்டும் ஓடுகிற வகை. ஆகவே கணினிக்குள் இன்னொரு கணினியைக் கட்டினேன். மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். மென்பொருளை இறக்கி, நினைவகத்தில் ஒரு பங்கை வெட்டிக்கொடுத்து, டிஸ்கில் இடம் பிரித்து, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விண்டோஸை உள்ளே ஏற்றினேன்.

"என்ஜிஓக்காரன் வீடே கட்டி முடிச்சிருப்பான்," என்றார் மச்சான். தொண்டு நிறுவன வீடு கிடைக்காமல் அவர் இன்னும் தகரக் கொட்டிலில்தான் இருந்தார்.

திரையின் ஒரு மூலையில் அந்தப் பழைய நீல வானம் விடிந்தது. அதற்குள்ளே கடல் இன்னும் வந்திருக்கவில்லை.

சீடி தெரியவில்லை. ட்ரைவை உள்ளிருக்கும் கணினியோடு இணைக்க மறந்திருந்தேன். இணைத்தேன். திறந்தது.

மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் தொப்பி. நிக்காஹ் எழுதிய மௌலவி. ஒரு சகனை, பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி ஆறு பேர் குனிந்து சாப்பிடுகிறார்கள். இன்னொரு சகன். இன்னும் ஆறு தலைகள். அழுத்த அழுத்த ஆம்பிளைகள், கடைசிப் படம்வரை.

"பொம்பிளைப் பக்கத்துப் படம் எங்க?" என்றேன்.

மச்சான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கட்டாருக்குப் போற சீடி. ரூமில அந்நிய ஆம்பிளைகள் பாப்பாங்க எண்டு... அவட படம் ஒண்டும் போடவேணாமெண்டு ஸ்டூடியோக்காரனுக்கு நான்தான் சென்ன."

"நல்ல மார்க்கப் பேணுதலான மனிசன்," என்றேன். அதைவிட அடித்திருக்கலாம்.

எழும்பினார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டினார். சந்திப்பக்கம் மறுபடி வெடி கொளுத்தினார்கள்.

"புள்ளைக்கி என்ன செல்லப் போறீங்க?" என்றேன்.

"கொம்பியூட்டர் பழுதெண்டு செல்றன், மச்சான்."